பட்டியலில் இருந்த ஐந்தாவது எண்

செய்தி அனுப்பினால் தானாகவே பதில் எழுதுகிற 'பாட்' கட்டுகிற வேலை என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு பிரமிப்பு. ஏதோ மனித மூளையைப் பிழிந்து போனுக்குள் ஊற்றுகிற வித்தை என்று நினைத்துக்கொள்வார்கள். மண்ணாங்கட்டி. ஒரு ஆள் என்னென்ன கேட்பான் என்று முன்கூட்டியே யோசித்து, கேட்டால் என்ன பதில் போக வேண்டும் என்று எழுதி வைக்கிற வேலை அது. பாதி நாள் "ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2" என்பதிலேயே போய்விடும். காலை வணக்கப் படமும் கல்யாணப் பத்திரிகையும் அனுப்பிக்கொள்கிறோமே, அந்த அரட்டைச் செயலிக்குள்தான் தம்பி எட்டு வருடமாக பாட் கட்டிக்கொண்டிருந்தான். பூக்கடைக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, செருப்புக் கம்பெனிக்கு ஒன்று. அலுவலகத்திலும் அவன் எல்லோருக்கும் தம்பிதான். மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க அக்கா ஒருநாள் வந்து வாசலில் நின்று கூப்பிட்ட கூப்பாட்டில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்கா அவனைவிடப் பதினோரு வயது மூத்தவள். அச்சகங்களுக்குப் பிழை திருத்தித் தருவது அவள் தொழில். வீட்டில் சாப்பாட்டு மேசைதான் அவள் ஆபீஸ். கட்டுக் கட்டாகத் தாள் வரும், சிவப்புப் பேனாவால் கொத்திக் கொத்தி அனுப்புவாள். அச்சான எந்தத் தாளைப் பார்த்தாலும் அவள் கை சும்மா இருக்காது. ஒருமுறை மருந்துச் சீட்டைத் திருத்தி டாக்டரிடமே நீட்டியிருக்கிறாள். புருஷன் நகரப் பேருந்து டிரைவர். ஒரே மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில் இருந்தான், சாயங்காலமானால் அக்கா வீட்டில் ஆஜர்.

பாட் என்றால் அதற்கு ஒரு எதிரி வேண்டும். கட்டியவனே சோதித்தால் அது ஒழுங்காகத்தான் பதில் சொல்லும், ஏனென்றால் அவன் ஒழுங்காகத்தான் கேட்பான். குண்டக்க மண்டக்க கேட்க ஒரு ஆள் வேண்டும். அதற்கு அக்காவை விட்டால் ஆள் கிடையாது. ஒரு ஆஸ்பத்திரிக்கான பாட் தயாராகிக்கொண்டிருந்த மூன்று மாதமும் அவள் அதை உண்டு இல்லை என்று ஆக்கினாள். "நாளைக்கு முந்தாநாள் டாக்டரைப் பார்க்க முடியுமா?" என்று எழுதினாள், அது அப்படியே நின்றுவிட்டது. "என் வீட்டுக்காரர் குறட்டை விடுகிறார், எனக்குத் தூக்கம் வரவில்லை, எங்கள் இரண்டு பேரில் யார் நோயாளி?" என்று எழுதினாள், அது இரண்டு பேருக்கும் நேரம் ஒதுக்கித் தந்தது. அந்த எண்ணைத் தன் போனில் "தம்பி பிள்ளை" என்று போட்டு வைத்திருந்தாள். சாயங்காலம் அவன் உள்ளே நுழையும்போதே, உன் பிள்ளை இன்றைக்குத் திருதிருவென்று முழித்தான் என்று புகார் வாசிப்பாள்.

அந்த ஆஸ்பத்திரி பாட் விஷயத்தில் அலுவலகத்தில் எல்லோரும் பெருமைப்பட்ட சங்கதி ஒன்று உண்டு. யாராவது "அவசரம்" என்று எழுதினால், ஆஸ்பத்திரியில் சிஸ்டர்கள் உட்காரும் மேசையில் ஒரு மணி அடிக்கும். திரையில் எண் வரும். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சிஸ்டர் கூப்பிட்டுப் பேசுவார், தேவையென்றால் வண்டி கிளம்பும். அந்த இடத்துக்குத் தம்பி எழுதியிருந்த பதில் இது: உங்கள் அவசரக் கோரிக்கை வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டது.

அக்கா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கிறவங்ககிட்ட வெற்றிகரமான்னு சொல்லுவியாடா நீ?"

அவளே உட்கார்ந்து மாற்றி எழுதினாள். "பயப்படாதீர்கள். ஐந்து நிமிடத்தில் சிஸ்டர் உங்களைக் கூப்பிடுவார். வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருங்கள்." ஆஸ்பத்திரியின் தலைமை சிஸ்டர் இதைப் படித்துவிட்டு, எழுதியது யார் என்று கேட்டாராம். தம்பி சொன்னதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டு அம்மாவிடம் போனைக் காட்டி, இனிமேல் உடம்புக்கு ஏதாவது என்றால் பதற வேண்டாம், என் தம்பி கட்டின பாட் இருக்கிறது, ஒரு சொல் எழுதினால் போதும் என்று பாடம் நடத்தினாள்.

சோதிப்பவர்கள் ஐந்து பேர். தம்பி, அவன் முதலாளி, கூட வேலை பார்க்கிற பெண், தலைமை சிஸ்டர், ஐந்தாவது அக்கா. ஒரு மத்தியானம் அக்கா வெறி பிடித்தவள் மாதிரி "அவசரம்", "அவசரமா", "ரொம்ப அவசரம்" என்று விதவிதமாக எழுதிப் பார்த்ததில், சிஸ்டர்கள் மேசையில் மணி இருபத்து மூன்று தடவை அடித்தது. தலைமை சிஸ்டர் போன் போட்டு, உங்கள் விளையாட்டுக்கு நாங்கள்தான் கிடைத்தோமா என்று வறுத்தெடுத்துவிட்டார். அன்றைக்கே தம்பி ஒரு வரி சேர்த்தான். இந்த ஐந்து எண்களில் இருந்து வந்தால் பதில் மட்டும் போகும், மணி அடிக்காது. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். செய்துவிட்டு, வேலை முடிந்து பொதுமக்களுக்குத் திறந்துவிடும் அன்று மறக்காமல் அந்தப் பட்டியலைக் காலி செய்ய வேண்டும்.

தம்பி மறக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மறந்திருந்தால்கூட மனசு ஆறும். திறந்துவிட்ட அன்று காலையில் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு எண்ணாக நான்கை எடுத்தான். ஐந்தாவதில் கை நின்றது. மூன்று வாரத்தில் அடுத்த திருத்தம் இருக்கிறது, அப்போது மறுபடி அக்காதான் சோதிக்கப் போகிறாள், மறுபடி மணி அடித்துத் தொலைக்கும், திரும்ப இதையே சேர்க்க வேண்டும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், உன் போனில் இருந்து எழுதினால் மணி அடிக்காது என்று. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். சாயங்காலம் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

பதினோராவது நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. அத்தான் காலை ஐந்தரைக்கே வண்டிக்குப் போய்விட்டார். எதிர்வீட்டு அம்மா பள்ளிக்கூடத்துக்குச் சமைக்கப் போகிறவர், மத்தியானம் ஒன்றரைக்குத்தான் திரும்புவார். திரும்பி வந்தவர் அக்கா வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடப்பதைப் பார்த்து எட்டிப் பார்த்திருக்கிறார். அக்கா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது. போன் மடியில் கிடந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் கூட்டி வைத்துப் பேசினார். மூளையில் இடது பக்கம் ரத்தக்கட்டு. வலது கையும் காலும் போய்விட்டன, கொஞ்சம் திரும்பலாம். பேச்சு போய்விட்டது, அது திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நாலு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் கட்டைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம், இப்போது போடுவது ஆபத்து என்றார். அத்தான் சீருடையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முதலில் அக்காவின் போனைத்தான் பார்த்தார். காலையில் இருந்து யாரையும் கூப்பிட்டதாகப் பதிவே இல்லை.

"கையில போன் இருந்திருக்கு. ஒருத்தரையும் கூப்பிடல" என்று அத்தான் சொன்னார். தம்பியிடம் சொன்னார், டாக்டரிடம் சொன்னார், மருந்துக் கடையில் சில்லறை கொடுத்த பெண்ணிடமும் சொன்னார்.

மறுநாள் தம்பி அரை நாள் அலுவலகம் போனான். போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார அவனால் முடியவில்லை, பழக்கப்பட்ட வேலையில் கையை வைத்தால் கொஞ்ச நேரம் மறக்கலாம் என்று போனான். புதன்கிழமை காலை அவன் வழக்கமாகச் செய்கிற வேலை, பாட் புரிந்துகொள்ளாமல் விட்ட செய்திகளை எடுத்துப் பார்ப்பது. எதற்கெல்லாம் அது முழித்ததோ அதற்கெல்லாம் பதில் எழுதிச் சேர்க்க வேண்டும். திரையில் பட்டியல் வந்தது. வரிசையாக ஒரே எண். அந்த எண்ணை அவன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அதன் முழு அரட்டையையும் திறந்தான்.

காலை 8.21. அவசரம். பதில் போயிருந்தது. பயப்படாதீர்கள், ஐந்து நிமிடத்தில் சிஸ்டர் உங்களைக் கூப்பிடுவார், வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருங்கள். அப்புறம் பன்னிரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

8.33. வலது கை தூக்க முடியவில்லை. இன்னும் யாரும் கூப்பிடவில்லை. இரண்டு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்திருந்தாள். அதற்கு பாட் சொன்னது: மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. மருத்துவரைப் பார்க்க 1, பரிசோதனை முடிவுக்கு 2.

8.35. அவசரம். மறுபடி அதே பதில், பயப்படாதீர்கள்.

8.50. அவரசம். எனக்குப் புரியவில்லை.

8.58. அசவர. எனக்குப் புரியவில்லை.

9.06. தம்பி. எனக்குப் புரியவில்லை. மருத்துவரைப் பார்க்க 1.

அதற்குப் பிறகு வந்தது எதுவும் சொல் இல்லை. எழுத்துகள். இருபது வருடம் அடுத்தவர் பிழையைத் திருத்தியவள், ஒரு சொல்லைச் சேர்க்கப் பார்த்துப் பார்த்து, முடியாமல், அனுப்பி, அழித்து, அனுப்பியிருந்தாள். மொத்தம் பதினான்கு. கடைசி 9.41க்கு, ஒற்றை "ம". அதற்கும் பாட் மரியாதையாக மன்னிப்புக் கேட்டிருந்தது. எங்கேயும் மணி அடிக்கவில்லை.

ஏன் வேறு யாரையும் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். ஐந்து நிமிடம் என்று சொன்னால் நாமும் ஐந்து நிமிடம் பொறுப்போம், பத்து நிமிடமும் பொறுப்போம். அத்தான் வண்டி ஓட்டும்போது போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும், அது அவளுக்குத் தெரியும். தம்பியைக் கூப்பிட்டிருக்கலாமே என்றால், அவளைப் பொறுத்தவரை அவள் தம்பியிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த 9.06க்குத் தம்பி என்ன செய்துகொண்டிருந்தான் என்பதும் அவனுக்கு ஞாபகம் வந்தது. டீ குடித்துக்கொண்டு, பூக்கடை பாட் யாருக்கோ மலர்வளையத்தைப் பிறந்தநாள் வாழ்த்தோடு அனுப்பிய கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

அந்த ஐந்தாவது எண்ணை எடுத்தான். எடுத்துத் திரும்ப ஏற்ற நாற்பது வினாடி ஆனது. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான்.

முதலாளியிடம் சொன்னான். முதலாளி நல்ல மனுஷர்தான், பதறிப் போனார், தண்ணீர் கொடுத்தார். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசினார். மற்ற எண்களுக்கெல்லாம் மணி சரியாக அடித்திருக்கிறது, பதினோரு நாளில் நான்கு பேரை வண்டி போய் எடுத்து வந்திருக்கிறது. உன் அக்கா சோதனை செய்கிறவர், முறைப்படி பார்த்தால் அவர் நோயாளியே இல்லை. இதை பாட் வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகிறது, உன் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் நெஞ்சு வெடிக்கும். போய் அக்காவைப் பார்த்துக்கொள் என்று ஒரு வாரம் விடுப்பும் கொடுத்தார். தம்பிக்கு அந்தப் பேச்சு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தான்.

ஆஸ்பத்திரியில் அக்கா கண் திறந்து படுத்திருந்தாள். சொன்னது எல்லாம் அவளுக்குப் புரிகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார், திரும்பச் சொல்லத்தான் வழியில்லை. அதைக் கேட்ட பிறகும் அத்தானின் வாய் நிற்கவில்லை. அவருக்குப் பயம். இத்தனை வருடம் வீட்டில் பேச்சு முழுக்க அவள்தான் பேசினாள், இவர் சிரிப்பார், அவ்வளவுதான். இப்போது அந்த மௌனத்தை எதைப் போட்டு அடைப்பது என்று தெரியாமல், திட்டைப் போட்டு அடைத்தார். உனக்குத்தானே எப்போதும் எல்லாம் தெரியும், அடுத்தவரிடம் உதவி கேட்டால் கிரீடம் இறங்கிவிடும், மணிக்கணக்காக அழுத்தமாக உட்கார்ந்திருந்து இப்படிச் செய்துகொண்டாயே. இதையே தினமும் நாலு விதமாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தைத் துடைத்துவிடுவார். விடுதியில் இருந்து வந்த வாலு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காவது ஒரு மிஸ்டு கால் குடுத்திருக்கலாம்லம்மா" என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தான். அவள் உதவி கேட்டாள் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்திக்கு வாய் இல்லை. இன்னொருவன் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று ஆறு நாள் ஓட்டினான்.

ஏழாம் நாள் அவனுக்குப் புதுப் பயம் ஒன்று வந்தது. தன் கம்ப்யூட்டரில் உள்ள பதிவு இருக்கட்டும், அக்காவின் போனிலேயே அந்த அரட்டை முழுசாக இருக்குமே. அத்தானுக்கு அழைப்புகளைத்தான் பார்க்கத் தெரியும், ஆனால் வாலு ஒரு நாள் திறந்துவிட்டால்? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அன்று அவன் ஆஸ்பத்திரிக்குப் போனது திருட்டுத்தனத்துக்குத்தான். சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் போனை வாங்கினான். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு திறந்தான். வாலுவின் அரட்டை இருந்தது, அச்சகத்துக்காரர் அரட்டை இருந்தது, எதிர்வீட்டு அம்மா அனுப்பிய காலை வணக்கங்கள் எல்லாம் இருந்தன. "தம்பி பிள்ளை" இல்லை. பெயரைத் தேடி எடுத்தான். திறந்தால் வெற்றுப் பக்கம். ஒரு எழுத்து இல்லை.

போனை யாராவது எடுத்தீர்களா என்று அத்தானிடம் கேட்டான். அவர் யோசித்தார். யாரும் எடுக்கவில்லை, மூன்றாம் நாள் அவளேதான் இடது கையால் பையைக் காட்டிக் காட்டிக் கேட்டாள், கொடுத்தேன் என்றார். அரை மணி நேரம் வைத்திருந்தாளாம். இடது கைக் கட்டைவிரலால் என்னமோ தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். "புள்ள போட்டோ பாக்குறான்னு நெனச்சேன். அப்புறம் என் கையில குடுத்துட்டுத் தூங்கிட்டா. அன்னைக்குத்தான் மொதல் தடவ நல்லாத் தூங்கினா."

தம்பி திரும்பினான். அக்கா அவன் கையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, தலையை மிக லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தாள். வேண்டாம், சொல்லாதே. இரண்டே அழுத்தலில் முடிகிற காரியத்தை, பழக்கமில்லாத கையால் அரை மணி நேரம் போராடிச் செய்திருக்கிறாள். அவன் செய்ய வந்த வேலையை அவனுக்கு முன்னால் செய்து முடித்துவிட்டு, திட்டு முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். தம்பி போனைக் கட்டில்மேல் வைத்தான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அம்மா பழங்களோடு வந்தார். அக்காவின் நெற்றியைத் தடவிக்கொண்டே, ஒரு சத்தம் போட்டிருந்தால் பக்கத்தில் யார் காதிலாவது விழுந்திருக்குமே, கதவைத் திறந்து வைக்கத் தெரிந்தவளுக்கு ஒரு குரல் கொடுக்கத் தெரியவில்லையே என்று அங்கலாய்த்தார். அத்தானுக்கு அது போதும்.

"வாய் ஓயாமப் பேசுவா. தேவைப்படுற நேரத்துல ஒரு வார்த்தை கேக்க மாட்டா. இவளே இழுத்துக்கிட்டது இது. யாரை நொந்து என்ன பண்ண?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவ கேட்டா, அத்தான்" என்றான் தம்பி. குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னான். "அக்கா கேட்டா. பதினாலு தடவ கேட்டா. என்கிட்டதான் கேட்டா."

பட்டியலைப் பற்றிச் சொன்னான், மணியைப் பற்றிச் சொன்னான், ஐந்தாவது எண்ணை எடுக்காமல் விட்டதைச் சொன்னான். சமாதானம் எதுவும் சேர்க்காமல் சொன்னான், அந்த மட்டில் அவனைப் பாராட்டலாம். தன் போனில் பதிவைத் திறந்து அத்தானிடம் கொடுத்தான். அக்கா கண்ணைத் திறந்து வேகமாகத் தலையை ஆட்டினாள், யாரும் அவளைப் பார்க்கவில்லை. அத்தான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் மாதிரி, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தார். 9.06ல் விரல் நின்றது. அப்போது மூணாவது டிரிப்பில் இருந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைசி வரைக்கும் படித்தார். படித்து முடித்ததும் அக்காவின் இடது கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு உடைந்து போனார்.

"ஏழு நாளா உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேனே" என்றார். "கேட்டிருக்கியே. இத்தனை தடவ கேட்டிருக்கியே."

வாலுவும் அழுதாள். எதிர்வீட்டு அம்மா பழப் பையைத் தரையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

"மறுநாள்லேருந்து."

அத்தான் தலையை ஆட்டினார். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம், அவர் ரொம்ப நிதானமாக இருந்தார். "தப்பு யாருக்கும் வரும். நானும் வண்டியக் கொண்டு போய் இடிச்சிருக்கேன். அதுக்கு உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஏழு நாளா நான் இவளை வைய வைய, நீ இங்கேயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்த. இவளுக்கு வாய் இல்லன்னு தெரிஞ்சும் கேட்டுக்கிட்டு இருந்த." போனைத் திருப்பி அவன் கையில் வைத்தார். "போயிடு. நான் இருக்கிற வரைக்கும் எங்க வீட்டு வாசல் மிதிக்காத. இவளைப் பாக்க வராத."

தம்பி போனைப் பைக்குள் போட்டான். கதவை நோக்கி நடந்தான்.

அப்போதுதான் அக்கா சத்தம் போட்டாள். ஏழு நாளில் அவள் தொண்டையில் இருந்து வந்த முதல் சத்தம் அது. இடது கையால் கட்டில் கம்பியை அடித்தாள், அடித்து அடித்து, வாயைக் கோணி, "மா, மா, பா" என்று என்னென்னமோ வந்தது. முன்பு ஒரு கல்யாணப் பேச்சில் அத்தானுக்கும் தம்பிக்கும் முட்டிக்கொண்டு மூன்று மாதம் பேச்சில்லாமல் இருந்தபோது, ஒரே நாள் சாயங்காலம் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து, ஐந்து நிமிடத்தில் சிரிக்க வைத்தவள் அவள். அவள் ஒரு வாக்கியம் பேசினால் அத்தான் இறங்கி வந்துவிடுவார். அந்த வாக்கியத்தைத்தான் அவள் இப்போது தேடிக்கொண்டிருந்தாள். இதற்குப் பயந்துதான் அவள் அந்த அரட்டையை அழித்தாள்.

அத்தான் பதறிக் குனிந்தார். "என்ன? என்னம்மா வேணும்? வலிக்குதா?"

அக்கா தலையை ஆட்டினாள். கதவுப் பக்கம் கையை நீட்டினாள். வாலு, காற்று வேண்டுமா என்று கேட்டு ஜன்னலைத் திறந்தாள். எதிர்வீட்டு அம்மா, நாக்கு வறண்டு போயிருக்கும், தண்ணீர் கேட்கிறாள் போல என்றார். அத்தான், ஆமாம் ஆமாம் என்று டம்ளரை எடுத்தார்.

கதவருகே நின்ற தம்பிக்கு அவள் கேட்பது எழுத்து எழுத்தாகப் புரிந்தது. அவனைப் போகச் சொல்லாதே என்கிறாள். அதை எடுத்துச் சொல்ல அந்த அறையில் அவனை விட்டால் ஆள் இல்லை. எந்த வாயால் சொல்வான்?

அத்தான் அவள் தலையைத் தாங்கிப் பிடித்து, ஸ்பூனால் தண்ணீரை உதட்டில் வைத்தார். அக்கா ஒருமுறை அவரைப் பார்த்தாள், ஒருமுறை கதவைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து அந்தத் தண்ணீரைக் குடித்தாள். ஒரு ஸ்பூன், இன்னொரு ஸ்பூன். சத்தம் அடங்கியது. பாவம், தாகத்துக்குத்தான் அழுதிருக்கிறாள் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதியாயிற்று.